சூப்பர்வைசர் ஆனால் சம்பளம் கூடுமா?

இம்மாத வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு, வேலையும் அதற்கான சம்பளமும். நம் இளைஞர்களில் பலர் எஸ்.பி.எம். முடித்த கையோடு பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் தொழிற்சாலைகளுக்கோ ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களுக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாலைந்து வருடம் ஒழுங்காக உழைத்தால் ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்வார்: "நீ நல்லா வேலை செய்ற தம்பி. அடுத்த மாசத்துலேர்ந்து நீதான் சூப்பர்வைசர்."

வீட்டில் அம்மாவுக்குப் பெருமை. கல்யாணப் பேச்சில்கூட "மாப்பிள்ளை பேக்டரியில சூப்பர்வைசர்" என்றால் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஆனால் மூன்று மாதம் கழித்துச் சம்பளச் சீட்டைப் பார்த்தால், ஆப்பரேட்டராக இருந்தபோது கைக்கு வந்ததைவிடக் குறைவாக இருக்கும். "பேருதான் பெருசு, காசு இல்ல" என்று நண்பர்களிடம் புலம்புவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அப்படி முடிய வேண்டியதில்லை. இது ஏன் நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. கங்காணி முதல் லைன் லீடர் வரை

மேற்பார்வை வேலை நமக்குப் புதிதல்ல. மலாயாவில் அந்த வேலைக்கு இருந்த பெயரே தமிழ்ப் பெயர்தான். கண்காணிப்பவன் கங்காணி. ஆங்கிலேயர்களும் அதே சொல்லைத் தங்கள் ஆவணங்களில் எழுதினார்கள். இன்று செபராங் பிறை என்கிறோமே, அந்தப் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கங்காணி முறையே ஓங்கியது. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சொந்தபந்தங்களையும் ஊராரையும் அழைத்து வந்து, தோட்டத்தில் அவர்களுக்கு மேலாளாக நின்று வேலை வாங்கினார். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு இப்படி ஆளெடுப்பதைத் தடை செய்தது. மண்டோர், தண்டல், கிராணி என்ற மற்றப் பெயர்களையும் நம் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கங்காணிக்குச் சம்பளம் வந்த விதம். அவருக்குத் 'தலைக்காசு' என்று ஒன்று இருந்தது. அவருடைய கூட்டத்தில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் சில காசு அவருக்குக் கிடைக்கும். அப்படியென்றால் ஒருவன் காய்ச்சலில் லயத்தில் படுத்திருந்தால் கங்காணிக்கு நட்டம். அவர் பொல்லாதவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மனிதராக இருந்தாலும், அவருக்குக் காசு வந்த வழி அவரைக் காய்ச்சல்காரனின் கதவைத் தட்ட வைத்தது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளுக்கு எதற்காகக் காசு கொடுக்கிறார்களோ, அதற்கேற்பத்தான் அவருடைய நடத்தை அமையும். இன்றும் அதே கதைதான்.

1969இல் பினாங்குத் தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகம், முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூ காலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரத்தைத் தொடங்கியது. இண்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹித்தாச்சி, நேஷனல் செமிகண்டக்டர், கிளாரியோன், லிட்ரோனிக்ஸ் என்ற எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் அவற்றைச் சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலைகளோடு லைன் லீடர், ஷிஃப்ட் சூப்பர்வைசர் என்ற புதிய பெயர்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. தோட்டத்துக்கு மண்டோர் எப்படியோ, தொழிற்சாலைக்கு லைன் லீடர் அப்படி.

2. பெயர் ஒன்று, வேலை பல

'சூப்பர்வைசர்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சம்பளத்தை ஒப்பிடக்கூடாது. துறைக்குத் துறை வேலையும் வேறு, காசு வரும் வழியும் வேறு.

மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் உற்பத்தி எண்ணிக்கை, தரம், இயந்திரம் நின்ற நேரம், ஆள் வருகை எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவர். இங்கே அடிப்படைச் சம்பளத்தோடு ஷிஃப்ட் அலவன்ஸ், இரவு வேலை அலவன்ஸ், வருகைப் படி, ஓவர்டைம் ஆகியவை சேர்ந்துதான் மொத்தம். பகல் ஷிஃப்டுக்கு மாற்றினாலே சில அலவன்ஸ்கள் போய்விடும். ஆண்டிறுதி போனஸ் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

ஹோட்டலிலும் பெரிய உணவகத்திலும் கேப்டன், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்று இருப்பார்கள். பல ஹோட்டல்களில் வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் சேவைக் கட்டணத்தைப் புள்ளி கணக்கில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பதவி உயர்ந்தால் புள்ளியும் உயரும். பள்ளி விடுமுறை மாதத்தில் கை நிறையும், ஆள் வராத மாதத்தில் வற்றும். ஒரு தீர்ப்பையும் இங்கே தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சேவைக் கட்டணத்தை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹோட்டல் ஊழியர் தொழிற்சங்கம் நீதிமன்றம் வரை போனதால் கிடைத்த தீர்ப்பு அது.

பாதுகாவல், துப்புரவு போன்ற குத்தகை வேலைகளில் நிலைமை வேறு. குத்தகை எடுத்த நிறுவனத்துக்கு வருமானம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. ஆகவே சூப்பர்வைசருக்கும் பாதுகாவலருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் வைக்க மாட்டார்கள். ஒரு பதவி அலவன்ஸ், பெட்ரோல் காசு, கைப்பேசிக் காசு, அவ்வளவுதான். ஆனால் ஒரு ஆள் வராவிட்டால் அந்த இடத்தில் நிற்பது சூப்பர்வைசர். குத்தகை கைமாறினால் வேலையே போகலாம்.

கட்டுமானத் துறையில் தளத்துக்குள் கால் வைக்கவே சி.ஐ.டி.பி. பச்சை அட்டை வேண்டும். சைட் சூப்பர்வைசருக்கு வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், பாதுகாப்பு விதிகள் தெரிய வேண்டும். சான்றிதழ் உள்ளவருக்கு இங்கே உண்மையான மதிப்பு உண்டு. வேலை முடிந்தால் அடுத்த புரொஜெக்ட் எங்கே என்ற கேள்வியும் கூடவே வரும்.

3. சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

"நீ இப்ப சூப்பர்வைசர், ஸ்டாஃப். ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் கிடையாது." இதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நம்பியும் இருப்பீர்கள். ஆனால் சட்டத்தில் அப்படி இல்லை.

தீபகற்ப மலேசியாவில் வேலை செய்பவர்களுக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பொருந்தும். அதில் செய்யப்பட்ட திருத்தங்கள் 1.1.2023 முதல் நடப்பில் உள்ளன. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

முதலாவது, வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணி. முன்பு 48ஆக இருந்தது.

இரண்டாவது, மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாத சம்பளம் வாங்குபவருக்கு ஓவர்டைம் காசு கொடுத்தே ஆகவேண்டும். அவர் பெயருக்குப் பின்னால் சூப்பர்வைசர் என்று இருக்கிறதா, மேனேஜர் என்று இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. சம்பளத்தைப் பார்க்கிறது. இந்த 4,000ஐக் கணக்கிடும்போது ஓவர்டைம் காசையும் கமிஷனையும் சேர்க்கக்கூடாது.

மூன்றாவது, பலருக்குத் தெரியாத ஒன்று. உடல் உழைப்பு வேலை செய்பவர்களை, அவர்கள் வேலை செய்யும் நேரம் முழுவதும் கூடவே நின்று மேற்பார்வை செய்கிறவருக்கு, இருவருக்கும் முதலாளி ஒருவரே என்றால், 4,000 வெள்ளி வரம்பே கிடையாது. சம்பளம் அதற்கு மேல் போனாலும் ஓவர்டைம் உரிமை அவருக்கு உண்டு. சட்டத்தின் முதல் அட்டவணையில் இது தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அலுவலக அறையில் உட்கார்ந்து அறிக்கை பார்ப்பவருக்கு இது பொருந்தாது. தளத்தில் ஆட்களோடு நிற்பவருக்குப் பொருந்தும்.

நான்காவது, வரம்பைத் தாண்டி, மேற்சொன்ன வகையிலும் சேராதவர்கள் சில உரிமைகளை இழக்கிறார்கள். ஓவர்டைம், ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் வேலை செய்தால் கிடைக்கும் கூடுதல் காசு, ஆட்குறைப்பின்போது சட்டப்படி கிடைக்கும் இழப்பீடு ஆகியவை அவை. ஆட்குறைப்பு அவ்வப்போது வரும் மின்னணுத் துறையில் இந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயமில்லை. 3,950லிருந்து 4,050க்கு ஏற்றிவிட்டு "வாழ்த்துகள்" என்று கைகுலுக்கினால், அந்த 100 வெள்ளியோடு எது போகிறது என்று பாருங்கள். இழந்ததை ஈடுசெய்யும் அளவுக்கு உயர்வைக் கேளுங்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, ஒப்பந்தத்தில் எதை எழுதிக் கையெழுத்து வாங்கினாலும், சட்டம் தரும் உரிமையைவிடக் குறைவான நிபந்தனை செல்லாது. அந்த இடத்தில் சட்டத்தில் உள்ளதே நிற்கும்.

4. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓவர்டைம் கணக்கு கடினமில்லை. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒருநாள் சம்பளம். அதை 8ஆல் வகுத்தால் ஒருமணிச் சம்பளம். சாதாரண நாளில் ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு.

எடுத்துக்காட்டாக, ஒரு ஆப்பரேட்டரின் அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறார்.

1,900 ÷ 26 = 73.08 வெள்ளி. அதை 8ஆல் வகுத்தால் 9.13 வெள்ளி. ஒன்றரை மடங்கு 13.70 வெள்ளி. 60 மணிக்கு ஏறக்குறைய 822 வெள்ளி. மொத்தம் 2,722 வெள்ளி.

இவரை 2,500 வெள்ளிக்குச் சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். "இனிமே ஓவர்டைம் இல்ல" என்கிறார்கள். ஆனால் வீடு திரும்பும் நேரம் அதே நேரம்தான். சூப்பர்வைசர் என்பதால் இன்னும் தாமதமாகக்கூட இருக்கலாம். அடிப்படையில் 600 வெள்ளி ஏறியது, கைக்கு வருவது 222 வெள்ளி இறங்கியது.

இப்போது சட்டப்படி போடுவோம். 2,500 ÷ 26 = 96.15. எட்டால் வகுத்தால் 12.02. ஒன்றரை மடங்கு 18.03. 60 மணிக்கு ஏறக்குறைய 1,081 வெள்ளி. மொத்தம் 3,581 வெள்ளி.

ஆக, "ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் கிடையாது" என்ற ஒரு வாக்கியத்தால் இவர் மாதம் 1,081 வெள்ளியை இழக்கிறார். ஆண்டுக்கு ஏறக்குறைய 12,900 வெள்ளிக்கு மேல். ஒரு தங்கையின் டிப்ளோமா படிப்புக்கு இது எவ்வளவு உதவும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு 104 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கக்கூடாது என்பது விதி. சூப்பர்வைசர் ஆன பிறகு, உங்கள் கீழ் இருப்பவர்களின் நேரத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

5. மணிக்கு எவ்வளவு?

இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது மாதச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது நம் பழக்கம். "அங்க 3,200, இங்க 2,600 தான்" என்று சொல்லி வேலை மாறுவோம். மாதத்தில் எத்தனை மணி நேரம் போகிறது என்று கேட்பதில்லை.

ஓர் இடத்தில் 2,600 வெள்ளி, வாரம் 45 மணி. மாதத்துக்குச் சராசரியாக 195 மணி. மணிக்கு 13.33 வெள்ளி. மற்ற இடத்தில் 3,200 வெள்ளி, நாளுக்கு 12 மணி, மாதம் 26 நாள். மொத்தம் 312 மணி. மணிக்கு 10.26 வெள்ளி. எது பெரிய சம்பளம்?

600 வெள்ளி அதிகம் வேண்டும் என்ற நிலையில் குடும்பம் இருக்கலாம். அது நியாயமான காரணம். அதைத் தெரிந்து தேர்ந்தெடுங்கள், தெரியாமல் வேண்டாம். மீதமுள்ள அந்த 117 மணி நேரத்தில் ஒரு மாலைநேர வகுப்புக்குப் போகலாம், பெற்றோரோடு இருக்கலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சம்பளத்துக்குக் கீழே ஒரு தரையும் இருக்கிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, இப்போது 1,700 வெள்ளியாக உள்ளது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் 1.8.2025 முதல் இது பொருந்துகிறது. ஆப்பரேட்டரின் தரை இப்படி ஏறும்போது சூப்பர்வைசரின் சம்பளம் அதே இடத்தில் நின்றால், இரண்டுக்கும் இடைவெளி சுருங்கிப்போகும். உங்கள் கீழ் நேற்று சேர்ந்தவருக்கும் உங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். சம்பள உயர்வு கேட்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஊழியர் சேமநிதியையும் மறக்காதீர்கள். 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளி 13 விழுக்காடு, நீங்கள் 11 விழுக்காடு. ஓவர்டைம் காசுக்குச் சேமநிதி கட்டுவதில்லை. அதனால் அடிப்படைச் சம்பளம் உயர்வதுதான் முதுமைக்கு நல்லது. ஓவர்டைமை மட்டும் நம்பிய ஆயுள், 60 வயதில் கைவிடும்.

6. 'எக்ஸெகியூட்டிவ்' என்ற பெயர்

தொழிற்சங்கம் உள்ள இடத்தில் வேலை செய்கிறீர்களா? அப்படியென்றால் பதவிப் பெயரை இரண்டு முறை படியுங்கள். 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டப்படி, நிர்வாகி, எக்ஸெகியூட்டிவ் நிலையில் உள்ளவர்களைச் சாதாரண ஊழியர் சங்கம் பிரதிநிதிக்க முடியாது. கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள ஆண்டு உயர்வும் போனஸும் அதன்பின் உங்களுக்கு இல்லாமல் போகலாம். வேலை அதே லைனில், பெயர் மட்டும் எக்ஸெகியூட்டிவ் என்றால், அந்தப் பெயரால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். உண்மையில் ஆளெடுக்கவும் விலக்கவும் முடிவெடுக்கவும் அதிகாரம் இருக்கிறதா என்பதே உரைகல். சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் சங்கத்தில் கேளுங்கள்.

7. நடுவில் நிற்பவர்

மேலே நிர்வாகம், கீழே நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர்கள். சூப்பர்வைசர் நடுவில் நிற்கிறார். "பெரிய ஆளாயிட்டான்" என்பார்கள் கீழே. "உன் ஆளுங்கள நீதான் கண்ட்ரோல் பண்ணணும்" என்பார்கள் மேலே.

திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆளை அறிந்து வேலையை ஒப்படைப்பது பற்றியது அது. வகுப்பில் அந்தப் பத்துக் குறளையும் சேர்ந்து படியுங்கள். நல்ல சூப்பர்வைசருக்கு அதுவே முதல் பாடநூல்.

நடைமுறைக்கு மூன்று சொல்கிறேன். தமிழ்ப் பையனுக்குச் சலுகை, வங்காளதேசத் தொழிலாளிக்குக் கடுமை என்று இரண்டு அளவுகோல் வைக்காதீர்கள். நம் தாத்தாவும் ஒரு காலத்தில் இந்த நாட்டில் வெளிநாட்டுக் கூலிதான். செய்யாத வேலை நேரத்தை எழுதாதீர்கள், செய்த நேரத்தை அழிக்காதீர்கள். பஞ்ச் கார்டில் ஒரு மணி நேரத்தை வெட்டுவது ஒருவர் வீட்டு அரிசியை எடுப்பது. பாதுகாப்பில்லாத இயந்திரத்தை "பரவாயில்ல, ஓட்டு" என்று சொல்லாதீர்கள். ஒரு விரல் போனால் எந்த அலவன்ஸும் அதைத் திருப்பித் தராது.

கங்காணியின் தலைக்காசு இன்று வேறு பெயரில் வரும். "ஆள் வருகை 98 விழுக்காடு இருந்தால் சூப்பர்வைசருக்கு ஊக்கத்தொகை" என்பது போல. அதை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கும்போது, காய்ச்சலோடு வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் மனம் உங்களிடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. தகுதியைக் கையில் வைத்திருங்கள்

அனுபவத்தை மட்டும் வைத்துச் சூப்பர்வைசர் ஆனவர், அந்தத் தொழிற்சாலைக்குள் மட்டுமே சூப்பர்வைசர். வெளியே போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். சான்றிதழ் இருந்தால் பதவி உங்களோடு நடந்துவரும்.

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலை வரை போகிறது. நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் திறன் டிப்ளோமா. பல ஆண்டுகள் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, வகுப்பில் உட்காராமலேயே அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் பி.பி.தி. என்ற வழியைத் திறன் மேம்பாட்டு இலாகா வைத்திருக்கிறது. 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. தாய்நிலத்தில் புக்கிட் மின்யாக், கெப்பாலா பத்தாஸ், நிபோங் திபால் ஆகிய இடங்களில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்கள் உள்ளன.

பத்து பேருக்கு மேல் உள்ள பல நிறுவனங்கள் பயிற்சிக்கென்றே சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டுகின்றன. "எனக்கு சூப்பர்வைசர் பயிற்சிக்கு அனுப்புங்க" என்று கேட்பது பிச்சை இல்லை. ஏற்கெனவே கட்டிய காசு அது.

9. கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

இதை வெட்டி பணப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

1. புதிய அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? எந்தத் தேதியிலிருந்து?
2. ஓவர்டைம் தொடர்கிறதா? இல்லையென்றால் எந்தச் சட்டப்படி இல்லை?
3. இப்போது வாங்கும் எந்தெந்த அலவன்ஸ் போகும்?
4. எத்தனை பேருக்கு நான் பொறுப்பு? எத்தனை ஷிஃப்ட்?
5. 'ஆக்டிங்' என்றால் எத்தனை மாதம்? அதுவரை அலவன்ஸ் உண்டா?
6. தொழிற்சங்க உறுப்பியம் தொடருமா?
7. இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா?

மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். கேட்டதற்காகப் பதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம், கொடுத்திருந்தாலும் நல்ல பதவியாக இருந்திருக்காது. வர வேண்டிய காசு வரவில்லையென்றால் முதலில் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. சம்பளச் சீட்டு, பணியமர்வுக் கடிதம், வேலை நேரப் பதிவு மூன்றையும் முதல் மாதத்திலிருந்தே பத்திரப்படுத்துங்கள். தாள் இல்லாதவன் வழக்கு தள்ளாடும்.

வகுப்பில் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் கங்காணி, மண்டோர், தண்டல் வேலை பார்த்தவர் உண்டா? அவரைப் பற்றிக் குடும்பத்தில் எப்படிப் பேசுகிறார்கள்? பெரியவர்களிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.
2. உங்கள் கடந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, பகுதி 4இல் உள்ளபடி ஓவர்டைமைக் கணக்கிடுங்கள். தொகை சரியாக இருக்கிறதா?
3. நெருங்கிய நண்பர் உங்கள் கீழ் வேலை செய்கிறார், அடிக்கடி தாமதமாக வருகிறார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வீர்கள்?
4. மணிக்குக் குறைவான சம்பளம், ஆனால் மாதத்துக்கு அதிகப் பணம் தரும் வேலையை எப்போது ஏற்கலாம், எப்போது கூடாது?

இரண்டாம் கேள்விக்குத் தவறான தொகை வந்தவர்கள் வகுப்பு முடிந்ததும் போய்விட வேண்டாம். கிளைப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து கடிதத்தை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.